சனிக்கிழமை இரவு வந்து நின்றவர்கள்

அன்புள்ள ஐயா,

எண்ணூர் பக்கம் பையன்களுக்காக ஒரு கால்பந்து கிளப் நடத்துகிறோம். இருபது வருடம் ஆகிறது. இதுவரை ஒருவன்கூட பெரிய அணிக்குப் போனதில்லை. "வியாசர்பாடியிலிருந்து நந்தகுமார் வந்தார், நம்மிடமிருந்து யார் வந்தார்கள்?" என்று கமிட்டியிலேயே கேட்கிறார்கள். தொடர்ந்து நடத்துவதில் அர்த்தம் இருக்கிறதா? சின்ன கிளப்புக்கெல்லாம் வரலாறு, மரபு என்று ஏதாவது உண்டா?

க.மு.

அன்புள்ள க.மு.,

உண்டு. நந்தகுமார் சேகரை நினைத்தால் எனக்கும் பெருமைதான். 2023 டுராண்ட் கோப்பையின் லீக் சுற்றில், கொல்கத்தாவின் இரண்டு பெரிய அணிகள் மோதியபோது, மோகன் பாகனை ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது அவர் அடித்த ஒரே கோலில். ஆனால் ஒரு கிளப்பை அதிலிருந்து போனவர்களை மட்டும் வைத்து எடைபோட முடியாது.

இங்கிலாந்தில் நியூகாசிலை ஒட்டி, டைன் ஆற்றங்கரையில் வால்செண்ட் என்று ஓர் ஊர். உங்கள் ஊர் மாதிரியே தொழிலாளர்கள் ஊர். டைட்டானிக் மூழ்கியபோது படகுகளில் தத்தளித்தவர்களை ஏற்றிக்கொண்டு போன கார்பாத்தியா, அங்கே ஸ்வான் ஹன்டர் தளத்தில் கட்டிய கப்பல். அந்தத் தளத்தின் தொழிலாளர்கள் 1904-ல் ஊர்ப் பையன்களுக்காகத் தொடங்கியதுதான் வால்செண்ட் பாய்ஸ் கிளப். கால்பந்தில் அது பேர் வாங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அப்புறம் பீட்டர் பியர்ட்ஸ்லி, ஸ்டீவ் புரூஸ், ஆலன் ஷியரர், மைக்கேல் கேரிக் என்று பெரிய ஆட்டக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். ஷியரர் பிரீமியர் லீக்கில் அடித்தது 260 கோல்.

கமிட்டிக்காரர்கள் இந்தப் பெயர்களைத்தான் பார்ப்பார்கள். நான் பார்ப்பது கேரிக்கின் அப்பாவை. சனிக்கிழமை இரவுகளில் சம்பளம் வாங்காமல் கிளப்பில் வந்து வேலை பார்த்தவர். அப்பாவோடு வந்த பையன் நாலைந்து வயதிலேயே அங்கே ஐவர் ஆட்டம் ஆட ஆரம்பித்தான். பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட் நடுக்களத்தை ஆண்டவர் அந்தப் பையன்தான். அப்பாக்கள் வந்து நிற்காத கிளப்பாக இருந்திருந்தால் அவர் பந்தைத் தொட்டிருப்பாரா, தெரியாது.

எங்கள் ஊர் கிளப்பில் ஓர் அண்ணன் இருந்தார். லேத் பட்டறையில் வேலை. காலை ஐந்தரைக்கெல்லாம் பந்து மூட்டையோடு வந்துவிடுவார். பம்ப் ஊசியை நாக்கில் வைத்து ஈரமாக்கித்தான் பந்துக்குள் விடுவார். காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடுமாம். காற்றடித்ததும் கட்டை விரலால் ஓர் அழுத்து. சரியாக இருந்தால் எங்கள் பக்கம் உருட்டிவிடுவார், இல்லையென்றால் மறுபடி பம்ப். இன்றைக்கும் எந்தப் பந்தை எடுத்தாலும் என் கட்டை விரல் முதலில் அழுத்திப் பார்க்கிறது. அவரிடமிருந்து எனக்கு வந்தது அது. நான் சொல்லிக் கொடுத்த பையன்களும் அப்படித்தான் அழுத்துகிறார்கள். மரபு என்று நீங்கள் கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

வால்செண்டில் இப்போது கப்பல் கட்டுவதில்லை. ஸ்வான் ஹன்டரின் ராட்சத கிரேன்களை 2007-ல் இந்தியக் கம்பெனி ஒன்று விலைக்கு வாங்கியது; தளத்தையே பிரித்து இங்கே கொண்டுவந்தார்கள். ஊருக்குச் சோறு போட்ட தொழில் போய்விட்டது. அந்தத் தொழிலாளர்கள் பையன்களுக்காகத் தொடங்கிய கிளப் இன்னும் நடக்கிறது.

கமிட்டியில் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: முதல் வருடம் ஆடிய பையன்களில் எத்தனை பேர் இன்று தம்பியையோ மகனையோ மைதானத்துக்குக் கூட்டி வருகிறார்கள்? அவர்கள் பெயரை ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த வருட டீம் போட்டோ யார் வீட்டிலாவது இருக்கும். தேடி வாங்கி, பந்து வைக்கிற அறையில் மாட்டுங்கள். ஓரத்தில் நிற்கும் பையன் யார், பின்னால் பாதி மறைந்திருப்பவர் யார் என்று இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள். அப்புறம் சொல்ல ஆள் இருக்காது.