மண்டபம் படகுத்துறையில் பென்டிரைவ் மவுன்ட் ஆகாதது பற்றி

வணக்கம் சகோ. படகுத்துறைக் கொட்டகையில் காற்று வேகத்தைப் பதியும் ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியில் பென்டிரைவ் ஒருநாள் ஏறுகிறது (மவுன்ட் ஆகிறது, அதாவது கோப்புகளைத் திறக்க முடிகிறது), மறுநாள் ஏறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து ஃபார்மட் மட்டும் செய்துவிடாதீர்கள், இத்தனை நாள் பதிவும் போய்விடும்.

நீங்கள் போட்ட கெர்னல் லாக்கில் (கணினி தானே எழுதிவைக்கும் குறிப்பில்) 'எரர் -71' இருக்கிறது. அது ஃபைல் சிஸ்டம் (கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) கோளாறு இல்லை. பென்டிரைவும் போர்டும் பேசிக்கொள்வதே பாதியில் அறுகிறது, மவுன்ட் வரைக்கும் விஷயம் போகவே இல்லை. எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டத்துக்குப் பையில் ஆதரவு இல்லையென்றால் ஒருநாள்கூட ஏறியிருக்காது.

பாம்பனில் என் பெட்டியிலும் இதேதான். டார்ச் அடித்து யூஎஸ்பி துளைக்குள் பார்த்தேன். நான்கு தகடுகளில் நடு இரண்டும் பச்சையாகப் பூத்திருந்தன. டேட்டா போவது அந்த இரண்டில்தான். எல்லாம் உப்புக்காற்றின் வேலை. மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தூரிகையால் பதமாகத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டுச் சொருகினேன். உடனே ஏறியது.

அப்புறம், லாக்கில் 'அண்டர்வோல்டேஜ்' (மின்னழுத்தக் குறைவு) என்று வந்தால் அடாப்டரையும் வயரையும் பாருங்கள். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். செல்போன் சார்ஜர் பல நேரம் தாங்காது.

ஏறியதும் முதலில் ரீட்-ஒன்லியாக (எதுவும் எழுதாமல் படிக்க மட்டும்) மவுன்ட் செய்து கோப்புகளை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்தும் -71 வந்தால் வேறு துளையில் சொருகிப் பார்த்து, புது லாக்கை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.