சூளையில் கற்ற ஒடியா

அன்புள்ள அம்மா,

நான் திருவள்ளூர் பக்கம் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 27. ஜனவரியிலிருந்து ஞாயிறுதோறும் நண்பர்களுடன் ஒரு செங்கல் சூளைக்குப் போய் அங்கிருக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். எல்லாரும் ஒடிசாவின் பலாங்கீர் மாவட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள். எனக்கு இந்தியும் தெரியாது. முதல் நாள் இரண்டு மணி நேரமும் சைகையிலேயே கழிந்தது. அடுத்த வாரம் ஓர் ஒடியா அரிச்சுவடியைத் தேடிப் பிடித்து, எண்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். "ஏக, துயி, தினி, சாரி" என்று ஆரம்பித்ததும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து வந்து என் வாயைக் கையால் பொத்தி, "தின், சார்" என்று திருத்தினாள். அவள் கையெல்லாம் காய்ந்த களிமண். அன்றைக்குத் தொற்றிக்கொண்டது இந்த மொழிப் பைத்தியம்.

ஜூன் மாதம் அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு போனில் ஜப்பானியம், ஸ்பானிஷ், பிரெஞ்சு, வங்காளம் என்று நான்கைத் தொடங்கினேன். எதுவும் இருபது நாளைத் தாண்டவில்லை. "நீ சேவை செய்யப் போனாயா, பாஷை படிக்கப் போனாயா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் ஆர்வம் உண்மையானதுதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தச் சிறுமி உங்கள் வாயைப் பொத்திய இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் அரிச்சுவடியும் சரி, அவளும் சரி. நீங்கள் படித்தது கடலோரப் பக்கமான கட்டக், புரி வட்டாரத்து ஒடியா. பாடநூலிலும் செய்தித்தாளிலும் இருப்பது அதுதான். மேற்கே பலாங்கீர், சம்பல்பூர் பக்கம் வீட்டில் பேசுவது சம்பல்புரி. கோசலி என்றும் சொல்வார்கள். கடலோர ஒடியா ஒரு சொல்லின் கடைசி உயிரெழுத்தை விடாமல் உச்சரிக்கும், மேற்கில் அதை உதிர்த்துவிடுவார்கள். தினி, தின் ஆவதும் சாரி, சார் ஆவதும் அந்தப் போக்கில்தான். ஒடியாவில் நம் ளகரம் உண்டு. சம்பல்புரியில் அது லகரமாகிவிடுகிறது. ஆக, அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு பேச்சு, பள்ளியில் இன்னொரு பேச்சு. சூளைக்கு வந்தால் மூன்றாவதாகத் தமிழ். தனக்குத் தெரிந்தது தெரியாத ஒரு பெரியவரை அவள் முதன்முதலாகப் பார்த்திருக்கிறாள். அந்த மகிழ்ச்சியில்தான் அவள் கை உங்கள் வாய்வரை வந்தது.

எனக்கும் இப்படி ஒரு நாள் வாய்த்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் வேலூரில் குடியிருந்தேன். சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்து வரும் குடும்பங்கள் அங்கே ஏராளம். லாட்ஜ் பலகைகளிலும் மருந்துக்கடை வாசலிலும் வங்காள எழுத்தைப் பார்க்கலாம். வரிசையில் நிற்க, சீட்டு வாங்க, சரியான அறைக்கு அழைத்துப்போக என்று சிலர் சேர்ந்து உதவிக்கொண்டிருந்தோம். தண்ணீருக்கு "ஜொல்" என்று புத்தகத்தில் படித்து வைத்திருந்தேன். முர்ஷிதாபாத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் மூதாட்டி என்னிடம் கேட்டது "பானி". வங்காளத்தில் இந்துக்கள் ஜொல் என்பார்கள், முஸ்லிம்கள் பானி என்பார்கள் என்பதை அந்த அம்மாள் தாகத்தோடு கேட்டபோதுதான் கற்றேன்.

அன்று மாலை டாக்டர் அறையில் அவர் தன் பாதத்தைக் காட்டி, "ஜின்ஜின், ஜின்ஜின்" என்றார். கூட வந்திருந்தவர் இந்தியில் "தர்த்" என்று முடித்துவிட்டார். டாக்டர் வலி என்று எழுதிக்கொண்டார். மூதாட்டி தலையை ஆட்டி மறுபடியும் "ஜின்ஜின்" என்றார். விரல்களை உள்ளங்கால் மேல் எறும்பு ஊர்வதுபோல் நடக்கவிட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன்: "வலி என்று சொல்லவில்லை டாக்டர், மரத்துப்போய் ஊருகிறது என்கிறார்." டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்து, ஊசி முனையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சர்க்கரை எவ்வளவு நாளாக என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் வங்காளத்தின் வலிச் சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்தேன். தெறிக்கிற வலிக்கு "டன்டன்", பல்கூச்சத்திலும் குளிரிலும் குடைகிற வலிக்கு "கன்கன்", லேசாகக் குத்தி எரிவதற்கு "சின்சின்". நாம் விண்விண் என்கிறோம், சுருக்கென்று குத்துகிறது என்கிறோம். நோயாளி தன் உடம்பைப் பற்றிச் சொல்வதற்குத் தாய்மொழியில் மட்டுமே இருக்கிற சொற்கள் இவை. பொதுமொழி ஒன்றுக்கு மாற்றினால் முதலில் உதிர்ந்துபோவதும் இவைதான். அகராதியில் இவற்றைத் தேடவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்காது.

இனி உங்கள் நண்பரின் கேள்வி. சூளையில் சேவையையும் மொழியையும் எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பமாக வருகிறார்கள், ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை ஆயிரம் அறுத்தோம், முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்பது மேஸ்திரி சொல்கிற கணக்கு. மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம், கூலியும் பிடித்தமும் எழுதிய பாஸ்புக் ஒன்றை ஒவ்வொருவருக்கும் தரவேண்டும், அது அவரவர் மொழியிலும் இருக்கவேண்டும் என்றது. அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, மொழி இல்லாத இடத்தில் கணக்கும் இல்லை என்று. நீங்கள் கணக்கு எழுதுகிறவர். ஒடியா எண்ணுருக்கள் தெரிந்த ஒரு கணக்கர் அந்தப் பெற்றோர் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்தால் அது எவ்வளவு பெரிய துணை என்று நினைத்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். பிள்ளைகள் உங்களுக்கு ஒரு சொல் கொடுத்தால் நீங்களும் ஒரு தமிழ்ச் சொல் கொடுங்கள். காய்ச்சல், பாக்கி, எடை, ரசீது இவையெல்லாம் அவர்களுக்கு உடனே வேண்டும்.

ஜப்பானியமும் ஸ்பானிஷும் இருபது நாளில் நின்றதற்காக வருந்த வேண்டாம். உங்கள் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்க அங்கே யாரும் இல்லை. பிறகு எப்போதாவது அந்த மொழிகளில் ஒரு மனிதர் எதிரே வருவார், அப்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு ஒடியாவை விடாதீர்கள். எழுத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். பெரும்பாலான எழுத்துகளின் தலையில் கவிந்திருக்கும் அந்த வளைவைப் பாருங்கள். எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும், அதனால் வளைந்தது என்பார்கள். ஓலையில் வளர்ந்த எழுத்துதான் நம்முடையதும். எனக்கு வங்காள எழுத்தைவிட ஒடியா எழுத்துதான் சொந்த வீட்டு எழுத்துபோல் தெரிகிறது.

அந்தக் குடும்பங்களில் ஒருவருடைய போன் எண்ணாவது உங்களிடம் இருக்கும். விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் அவர்களுக்கு நுவாகாய், புது நெல்லைப் படைத்து உண்ணும் நாள். அந்த விழா முடிந்த சில வாரங்களில்தான் பலர் சூளைக்குக் கிளம்புகிறார்கள். அன்று காலை கூப்பிட்டு "நுவாகாய் ஜுஹார்" என்று சொல்லுங்கள். அந்தச் சிறுமியிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, ஒன்றிலிருந்து பத்துவரை அவள் திருத்திய மாதிரியே எண்ணிக் காட்டுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.