பந்தைக் கொடுக்கிற வேலை

கேள்வி: 2001-லிருந்து இந்தியானாபொலிஸ் பக்கம் இருக்கிறேன். அந்த ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான கோல்ட்ஸ்தான் எனக்கு உயிர். 2007 ஜனவரியில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 38-34 என்று தோற்கடித்த ஆட்டத்தை ஆர்.சி.ஏ. டோமில் உட்கார்ந்து பார்த்தவன் நான். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற எங்கள் குவார்ட்டர்பேக் பெய்ட்டன் மானிங்கின் 18-ஆம் எண் ஜெர்சி என் வீட்டு ஹாலில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. 16 வயது மகனுக்கோ அந்த பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக்காக இருந்த டாம் பிராடிதான் எல்லாம். "ஏழு மோதிரம்ப்பா, உங்க ஆளுக்கு ரெண்டு" என்பான். சூப்பர் பவுல் என்ற இறுதிப்போட்டியை ஜெயித்தால் தருகிற மோதிரம் அணிக்குக் கிடைப்பது, தனி ஆளுக்கு இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அவன் காதில் ஏறாது. போன மாதம் பேச்சு முற்றிவிட்டது. 2014 சூப்பர் பவுலில், மானிங் அப்போது ஆடிய டென்வர் அணி 43-8 என்று தோற்றதை இழுத்தான். முதல் பந்தையே அந்த சென்டர் தலைக்கு மேல் எறிந்தால் மானிங் என்ன செய்வார், பந்தைப் பின்னால் கொடுக்கிற ஒரே வேலை, அதுகூடவா வராது என்றேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். மூன்று வாரமாகத் தன் அறையில்தான் சாப்பிடுகிறான். (அவனும் பள்ளி அணியில் இருக்கிறான், சென்டர். வெள்ளிக்கிழமை ஆட்டங்களுக்கு மனைவி போய்வருவாள்.) ஒரு குவார்ட்டர்பேக்கின் பெருமையை எதை வைத்துத்தான் எடைபோடுவது? இவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

பெயர் வேண்டாம், கார்மல், இந்தியானா

பதில்: அடைப்புக்குறிக்குள் எதைப் போட்டிருக்கிறீர்கள் என்று திரும்ப ஒருமுறை படியுங்கள், தம்பி. ஜெர்சிக்குக் கண்ணாடிச் சட்டம், பெற்ற பிள்ளைக்கு அடைப்புக்குறி.

அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் கேட்ட கேள்வியை முடித்துவிடுவோம். மோதிரமா புள்ளிவிவரமா என்ற இந்தச் சண்டை அமெரிக்காவிலிருந்து எனக்கு வருஷா வருஷம் வருகிறது, பெரும்பாலும் சூப்பர் பவுல் முடிந்த பிப்ரவரியில். மோதிரத்தை எண்ணினால் குவார்ட்டர்பேக்குகளில் டிரென்ட் டில்ஃபர் பெரியவர், டான் மரினோ சின்னவர். மரினோ 1984-இல் 5,084 யார்டு தூரமும், எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி வாங்கித்தரும் டச்டவுன் 48-ம் எறிந்தார். அதற்கு முன்னால் ஒரே சீசனில் ஐயாயிரத்தைத் தாண்டியவர் யாருமில்லை. கடைசிவரை மோதிரம் கிடைக்கவில்லை. டில்ஃபருக்கு 2001-இல் கிடைத்தது. பால்டிமோர் தடுப்பாட்டக்காரர்கள் வாங்கிக்கொடுத்தது அது. கோப்பையைத் தூக்கிய கையோடு அவரை அணியே வேண்டாமென்று அனுப்பிவிட்டது. சரி, புள்ளிவிவரத்தைப் பார்க்கலாம் என்றால் அதுவும் வழுக்குகிறது. பந்தைப் பிடிக்க ஓடுகிறவரை ஐந்து யார்டுக்கு அப்பால் தொடக்கூடாது என்று 1978-இல் விதி வந்தது. அதற்கு முன்னால் எறிந்தவரையும் பின்னால் எறிந்தவரையும் ஒரே தராசில் எப்படி நிறுத்துவீர்கள்? பெரிதாகப் பேசுகிற பாஸர் ரேட்டிங்கில், அதாவது எறிதலுக்குப் போடுகிற மதிப்பெண்ணில், எறிவதற்கு முன்பே பிடிபட்டுக் கீழே விழுந்த கணக்கு சேராது.

உங்கள் மானிங் ஒருவரே போதும் இதைக் காட்ட. 2013 சீசனில் 55 டச்டவுன் எறிந்தார், யாரும் செய்யாத சாதனை. மோதிரம் இல்லை. 2015-இல் டச்டவுன் ஒன்பது, எதிரி கையில் கொடுத்தது 17. மோதிரம் கிடைத்தது! ஆக, மோதிரம் அணியினுடையது என்று நீங்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

விடையில்தான் உங்கள் மகன் பக்கம். என் கணக்கில் பிராடிதான், ஏழுக்காக இல்லை. பேட்ரியட்ஸில் இருபது சீசன் பெலிசிக் என்ற ஒரே பயிற்சியாளரிடம் ஆடியவர். ஜெயித்தது இவரா அவரா என்று ஊரே பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தபோது டாம்பா பே அணிக்குப் போய், அங்கே முதல் சீசனிலேயே, 43 வயதில் ஜெயித்துக் காட்டினார். எனக்கு அது போதும். இதை அவனிடம் போய்ச் சொல்லிச் சமாதானம் பேசலாம் என்று நினைக்காதீர்கள். அவன் எழுந்து போனது பிராடிக்காக இல்லை.

பிராடியின் ஏழு மோதிரத்தை அணியிலுள்ள 53 பேருக்குப் பங்குபோட்டீர்கள், நியாயம். அதே வாயால் மானிங்கின் தோல்வியை மட்டும் ஒரே ஆள் தலையில், குனிந்து நின்ற சென்டர் தலையில், கட்டினீர்கள். வெற்றி வந்தால் அணி, தோல்வி வந்தால் சென்டரா? பதினாறு வயதுப் பையனுக்கு இந்தக் கணக்கு புரியாது என்றா நினைத்தீர்கள்? அவன் வாதத்தில் தோற்று எழுந்து போகவில்லை. தன் வேலையைப் பற்றி அப்பா என்ன நினைக்கிறார் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டு போனான்.

அந்தப் பந்தைப் பற்றியும் பேசுவோம். நியூ ஜெர்சி மெட்லைஃப் மைதானம், ஆட்டம் தொடங்கி 12 விநாடி. டென்வரின் சென்டர் மேனி ராமிரெஸ். கூட்டம் போட்ட சத்தத்தில் மானிங்கின் குரல் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. எதையோ மாற்றிச் சொல்ல மானிங் முன்னால் நடந்து வந்துகொண்டிருந்தார். குரல் வந்துவிட்டது என்று நினைத்து ராமிரெஸ் பந்தை விட்டார். அது மானிங்கைத் தாண்டிப் போய் எதிரணிக்கு இரண்டு புள்ளி ஆயிற்று. குனிந்து நிற்பவருக்குப் பின்னால் கண் இல்லை. நடந்துகொண்டிருந்தவருக்கு இருந்தது. அதற்குப் பிறகு மீதி 41 புள்ளியையும் சென்டரா கொடுத்தார்? அதே ஆட்டத்தில் மானிங் 34 பாஸ்களைக் கைசேர்த்து அப்போதைய சூப்பர் பவுல் சாதனையும் செய்தார். உங்கள் புள்ளிவிவரப் பைக்குள் அதையும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் எனக்குக் கோபம் வந்தது 2007-ஐ நினைத்துத்தான். நேரில் பார்த்தேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். 21-3 என்று பின்தங்கிக் கிடந்த ஆட்டம். 28-28 ஆனது எப்படி? எல்லைக்கோட்டருகே உங்கள் அணியின் டாமினிக் ரோட்ஸ் பந்தை நழுவவிட்டார், விழுந்து அமுக்கி அதை டச்டவுன் ஆக்கியது ஜெஃப் சாட்டர்டே. உங்கள் சென்டர்! கடைசி நிமிடத்தில் ஜோசஃப் அடாய் ஓடி ஜெயிக்கவைத்தாரே, அவருக்கு வழிவிட எதிரணியின் வின்ஸ் வில்ஃபோர்க் என்ற மலையைத் தள்ளியதும் அதே சாட்டர்டேதான். கல்லூரி முடித்தபோது எந்த அணியும் தேர்ந்தெடுக்காத ஆள் அவர். மானிங்கும் அவரும் 170 ஆட்டங்கள் சேர்ந்து தொடங்கியிருக்கிறார்கள். பிராடியை மானிங் தாண்டிய அந்த ராத்திரி உங்கள் கண் முன்னால் ஒரு சென்டர் இத்தனையும் செய்திருக்கிறார். பதினாறு வருஷமாக ஒரு பிள்ளையை வளர்த்து, அவன் அதே இடத்தில் ஆட ஆரம்பித்தும், ஒருநாளாவது சாட்டர்டே பெயரை அவனிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் இல்லை.

நியூ ஜெர்சியில் என் தங்கை மகன் பள்ளியில் ஆடிய காலத்தில் ஓர் அக்டோபர் வெள்ளிக்கிழமை நானும் போய் உட்கார்ந்தேன். எனக்கு ஆட்டம் சுத்தமாகப் புரியவில்லை. பந்து போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். "பெரியம்மா, பந்தைப் பார்க்காதீங்க, நடுவுல குனியறவனைப் பாருங்க" என்று அன்றைக்கு அடிபட்டு வெளியே உட்கார்ந்திருந்தவன் சொல்லிக்கொடுத்தான். பார்த்தேன். ஒரு கை பந்தில், தலை தரையை நோக்கி, மூக்குக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் இவனைவிட இருமடங்கு கனத்த ஒருத்தன். பந்தைக் கால் இடுக்கு வழியாகக் கொடுத்த அந்தக் கையையே நிமிர்த்தி அவனை முட்டி நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் பின்னால் நிற்கிற குவார்ட்டர்பேக் செத்தான். இடைவேளையில் ஹெல்மெட்டைக் கழற்றினான், குளிரில் தலையிலிருந்து ஆவி பறந்தது. கூட்டத்தில் யாரும் அவன் பெயரைக் கூப்பிடவில்லை. கீழ் வரிசையில் ஒரு மனிதர் மட்டும் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். யாரென்று நான் கேட்கவே இல்லை, முகஜாடை ஒன்றாக இருந்தது.

மனைவி போய்வருகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா போனால் அது அம்மா கணக்கு. அப்பா கணக்கில் வரவு விழாது. நான் பழைய காலத்து ஆள், இப்படித்தான் பேசுவேன்.

இன்னொன்று. உங்கள் ஹாலில் தொங்குகிற 18, பெய்ட்டன் மானிங்குக்கு எங்கிருந்து வந்தது தெரியும்தானே? அப்பா ஆர்ச்சி மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்காக அணிந்த எண். முதுகெலும்புக் கோளாறால் ஆட்டத்தையே விடவேண்டி வந்த அண்ணன் கூப்பர் பள்ளியில் அணிந்த எண். அந்த ஆர்ச்சியும் குவார்ட்டர்பேக்தான். தொடங்கிய ஆட்டங்களில் 35 வெற்றி, 101 தோல்வி, 3 சமன். உங்கள் மகன் கணக்கிலும் சுழியம், உங்கள் கணக்கிலும் பெரிதாக ஒன்றும் தேறாது. அவருடைய இரண்டு பிள்ளைகள், பெய்ட்டனும் ஈலையும், ஆளுக்கு இரண்டு சூப்பர் பவுல் ஜெயித்தார்கள்.

இந்த வெள்ளிக்கிழமை மனைவியோடு போங்கள். போவதை முன்கூட்டி அவனிடம் அறிவிக்க வேண்டாம். நாலாம் வரிசை ஐந்தாம் வரிசையில் போய் உட்காருங்கள், போனைப் பைக்குள் வையுங்கள், நடுவில் குனிகிறவனைப் பாருங்கள். வீட்டுக்கு வரும் வழியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கூட்டம் கத்தும்போது குரல் கேட்காதே, எப்போது பந்தை விடவேண்டும் என்று உனக்கு எப்படித் தெரிகிறது? தோளில் தட்டுவார்கள், சைகை இருக்கிறது, என்று ஏதாவது சொல்வான். தெரிந்த மாதிரி இடையில் பேசாதீர்கள். மானிங் பேச்சை நீங்களாக எடுக்கவே வேண்டாம்.

கையில் ஒரு கம்பளி இருக்கட்டும். அந்த பெஞ்சுகள் அலுமினியம், குளிர் எலும்பு வரைக்கும் ஏறும்.