மூன்று மாதமாகப் பிசிறு மட்டும்தான் எடுக்கிறேன், சிஎன்சியைத் தொடுவது எப்போது?

கேள்வி: விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மெஷினிங் டெக்னீஷியன் அப்ரண்டிஸாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. கணினி கட்டுப்பாட்டில் தானாக வெட்டும் சிஎன்சி மெஷினைக் கற்றுக்கொள்ளும் ஆசையில் வந்தேன். இதுவரை பிசிறு (வெட்டிய ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் உலோகத் துணுக்கு) எடுப்பது, பாகங்களைத் துடைத்து அளப்பது, பழைய கை லேத்தில் பயிற்சித் துண்டுகளைக் கடைவது, இவ்வளவுதான். என்னோடு படித்த நண்பன் ஒரு சாதாரணப் பட்டறையில் சேர்ந்து இரண்டாவது வாரமே மெஷினில் நிற்கிறான். நான் பின்தங்குகிறேனா? இந்தக் காலத்தை எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: பின்தங்கவில்லை. ஆனால் இதை வெறும் காத்திருப்பு என்று நினைத்துக் கழித்தால் பின்தங்கிவிடுவீர்கள்.

உங்கள் நண்பர் செய்யும் பாகம் கெட்டால் ஏதோ ஒரு மெஷின் நிற்கும், வேறு பாகம் போட்டு ஓட்டிவிடலாம். உங்கள் கையில் இருக்கும் பாகம் வானத்தில் கெட்டால் இறங்கி நின்று பார்க்க இடமில்லை. இது எல்லோரும் சொல்வதுதான். ஆனால் பட்டறையில் எவ்வளவு சின்ன விஷயத்தில் இது தொடங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள, நடந்த விபத்து ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1996 ஜூலை 6. அமெரிக்காவின் பென்சகோலா நகரில் டெல்டா நிறுவனத்தின் எம்டி-88 விமானம் ஒன்று புறப்பட ஓடுபாதையில் வேகமெடுத்தது. அப்போது இடது எஞ்சினின் முன்விசிறியைத் தாங்கும் டைட்டேனியம் ஹப் உடைந்து சிதறியது. துண்டுகள் பயணிகள் இருந்த பகுதிக்குள் பாய்ந்து இரண்டு பேர் இறந்தார்கள். விசாரணையில் விரிசலின் வேர் ஹப்பில் இருந்த ஒரு துளையில் கிடைத்தது. பல வருடங்களுக்கு முன் அந்தத் துளையைப் போட்டபோது உலோகம் அளவுக்கு மீறிச் சூடாகி, சுவரில் ஒரு மெல்லிய படலம் மட்டும் இறுகிக் கடினமாகிவிட்டது. அந்தக் கோளாறு செய்த இடத்துச் சோதனையில் தள்ளப்படவில்லை. பின்னாளில் விரிசல் விட்டபோது பராமரிப்புச் சோதனையிலும் சிக்கவில்லை. ஆயிரக்கணக்கான முறை பறந்து இறங்கிய பிறகு ஒரு நாள் உடைந்தது.

டிரில் போடுவது நாம் முதலில் கற்கும் வேலைகளில் ஒன்று. அதில்தான் இவ்வளவும் நடந்தது. நம் தொழிலில் ஒரு பாகம் சரியான அளவில் இருப்பது பாதிதான். எப்படி வெட்டப்பட்டது, வெட்டும்போது உலோகத்துக்கு உள்ளே என்ன ஆனது என்பது மீதிப் பாதி. அந்தப் பாதியை மெஷினின் திரை காட்டாது. நீங்கள் இப்போது செய்துகொண்டிருக்கும் மூன்று வேலைகளும் அதைக் கண்ணுக்கும் கைக்கும் பழக்குகிறவை.

முதலில் பிசிறு. ஓரத்தில் நிற்கும் பிசிறு எண்ணெய் வழிக்குள் உடைந்து விழலாம், சேர்ப்பு சரியாக உட்காராமல் தடுக்கலாம். அதைவிடப் பெரிய விஷயம், திரும்பத் திரும்ப வரும் பளுவால் உலோகம் களைத்து வரும் விரிசல்கள் பெரும்பாலும் ஓரத்திலோ கீறலிலோதான் பிறக்கின்றன. டிராயிங்கில் ஓரத்துக்கு 0.2 முதல் 0.4 மி.மீ. வரை ஆரம் கேட்டிருந்தால், அதைக் கையால், எல்லா ஓரத்திலும் ஒரே சீராகக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. அதிகம் தேய்த்தால் பாகம் ஸ்க்ராப், அதாவது கழிவு. குறைவாகத் தேய்த்தால் கூர்மை நிற்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்து நீங்கள் எடுத்த ஓரத்தை நீங்களே பாருங்கள். பிசிறு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எங்கே தடிமனாக இருக்கிறது என்று கவனியுங்கள். டூல் எந்தத் திசையில் வெளியேறியது, முனை மழுங்கியிருந்ததா என்பதை அது சொல்லிவிடும். நாளைக்கு மெஷினைத் தயார் செய்யும் செட்டர் உங்களிடம் ‘இன்செர்ட் (டூலின் வெட்டு முனை) மாற்றணுமா?’ என்று கேட்டால் பதில் உங்களிடம் இருக்கும்.

இன்னொன்று. அலுமினியப் பாகத்தில் பென்சிலால் குறி போடாதீர்கள். பென்சில் கரியும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அந்த இடத்தில் அரிப்பு தொடங்கும். மார்க்கர் பேனாவும் அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ‘ஒரு சின்னக் கோடுதானே’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அப்புறம் அளப்பது. இதில்தான் நான் உங்களை அதிகம் உட்காரச் சொல்வேன். 300 மி.மீ. நீளமுள்ள அலுமினியப் பாகம் ஒன்று, வெட்டி முடித்த சூட்டில் 30 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு ஏறத்தாழ 23 மைக்ரான் நீளும். பத்து டிகிரிக்கு, இந்த நீளத்துக்கு, கிட்டத்தட்ட 70 மைக்ரான். அதாவது 0.07 மி.மீ. டிராயிங்கில் டாலரன்ஸ், அதாவது அளவு விலக அனுமதிக்கும் எல்லை, ±0.025 மி.மீ. என்று போட்டிருக்கிறது. சூடாகாத மைக்ரோமீட்டரில் மெஷின் பக்கத்திலேயே அளந்தால் 300.00 என்று அழகாகக் காட்டும். அதே பாகம் சோதனை அறையில் 20 டிகிரிக்கு ஆறியதும் 299.93. ஸ்க்ராப். 20 டிகிரி செல்சியஸ்தான் நீள அளவுக்கான அடிப்படை வெப்பநிலை என்று 1931-இல் உலக அளவில் ஒத்துக்கொண்டார்கள். சோதனை அறைகள் அந்த வெப்பநிலையில் இருப்பது இதனால்தான். கையில் அதிக நேரம் பிடித்திருந்தால் மைக்ரோமீட்டரின் சட்டமே சூடாகி அளவு மாறும். உள்ளங்கை சூடு அதற்குப் போதும்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். ஒரே துண்டை, ஒரே இடத்தில், பத்து முறை அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் கருவியைக் கீழே வைத்து, முகங்களைத் துடைத்து, ஜீரோ பார்த்து, ஒரே அழுத்தம் தரும் ராட்செட் திருகைத் திருப்பி அளக்க வேண்டும். மறுநாள் காலை முந்தைய நாள் தாளைப் பார்க்காமல் மறுபடியும் பத்து. அதே துண்டைக் கூட இருப்பவரையும் அளக்கச் சொல்லுங்கள். உங்கள் எண்களுக்குள் இருக்கும் வித்தியாசம், டிராயிங்கின் டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், அந்த டாலரன்ஸை அளக்க உங்கள் கை இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். மைக்ரோமீட்டர் அளவுக்கு நுட்பமில்லாத வெர்னியரில், அளக்கக்கூடாததை அளப்பதும் இதே தவறுதான்.

அளப்பதோடு டிராயிங் படிப்பதும் சேர்ந்து வர வேண்டும். துளையின் இடத்துக்கு விட்டம் 0.1 என்று பொசிஷன் டாலரன்ஸ் போட்டிருந்தால், மையம் எந்தப் பக்கமும் 0.05-க்கு மேல் நகரக்கூடாது. புதியவர்களில் பாதிப் பேர் இதை 0.1 என்று படித்துவிடுகிறார்கள். எந்த டேட்டம் (அளவு தொடங்கும் அடிப்படை முகம்) முதலில், எது இரண்டாவது என்ற வரிசையும் சும்மா போட்டதில்லை. பாகத்தை எந்த முகத்தில் முதலில் உட்கார வைத்து அளக்க வேண்டும் என்று அதுதான் சொல்கிறது.

கை லேத் பற்றி உங்களுக்குச் சலிப்பு இருப்பது கேள்வியிலேயே தெரிகிறது. சிஎன்சியில் டூல் மழுங்கினால் மோட்டார் சத்தமில்லாமல் கூடுதல் விசை கொடுத்துத் தள்ளிக்கொண்டே போகும். கை லேத்தில் அது உங்கள் மணிக்கட்டுக்குத் தெரியும். சத்தம் மாறுவது, வெட்டி வரும் உலோகச் சுருளின் நிறம் மாறுவது, மேற்பரப்பு கிழிந்தாற்போல் வருவது, எல்லாவற்றுக்கும் காரணம் உங்கள் கைதான் என்பதால் பதிலும் உடனே கிடைக்கும். இந்தப் பழக்கம் இருப்பவர் சிஎன்சி கதவுக்கு வெளியே நின்றாலும் உள்ளே நடப்பதைக் காதால் பிடித்துவிடுவார்.

விமானத் தொழிலில் இது இன்னும் முக்கியமாவதற்குக் காரணம் உலோகங்கள். டைட்டேனியம் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும், விமான அலுமினியக் கலவைகளோடு ஒப்பிட்டால் பதினைந்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதனால் சூடு சுருளோடு போகாமல் டூல் முனையிலேயே தங்கும். எஃகின் விறைப்பில் ஏறத்தாழ பாதிதான் என்பதால், டூல் அழுத்தும்போது விலகிக் கொடுத்துவிட்டுத் திரும்ப வரும். வெட்டாமல் உரசினால் கெட்டது. அதன் பொடிச் சுருள் தீப்பிடிக்கும், அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. உலோகத் தீக்கான டி வகை அணைப்பான் எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள். எஞ்சினின் சூடான பகுதிகளுக்குப் போகும் இன்கோனல் 718 என்ற நிக்கல் கலவை வேறு ரகம். டூல் ஒரு இடத்தில் நின்று தேய்த்தால் அந்தத் தோல் இறுகிவிடும், அடுத்த வெட்டு அந்த இறுகிய தோலோடு மல்லுக்கட்ட வேண்டும். அலுமினியம் வெட்டுவதற்கு எளிது, ஆனால் கட்டியான பிளேட்டிலிருந்து 90 சதவீதத்துக்கும் மேல் சுருளாக்கித் தள்ளும் பாகங்கள் உண்டு. உலோகத்துக்கு உள்ளே அடைந்திருந்த விசைகள் விடுபட்டு மெல்லிய சுவர் வளையும். ஃபிக்சரில் இறுக்கியிருக்கும்போது சரியாக இருந்து, கிளாம்பைத் தளர்த்தியதும் துள்ளிக்கொள்ளும் பாகத்தை ஒரு முறையாவது நேரில் பாருங்கள். முரட்டு வெட்டு முடிந்ததும் கிளாம்பைத் தளர்த்தி, மெதுவாக மறுபடி இறுக்கி, பிறகு ஃபினிஷிங் எடுப்பது ஏன் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

சரி, மெஷினில் நிற்கும் நாள் வரும்போது? முதல் ஆபத்து ஆஃப்செட், அதாவது டூலின் இடத்தைத் திருத்த மெஷினில் போடும் எண். விட்டத்தில் 0.05 கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில கன்ட்ரோலர்களில் ‘இன்புட்’ என்று ஒரு பட்டன், ‘+இன்புட்’ என்று இன்னொரு பட்டன் இருக்கும். இரண்டாவது, இருக்கும் எண்ணோடு 0.05-ஐக் கூட்டும். முதலாவது, இருக்கும் எண்ணை அழித்துவிட்டு 0.05 என்றே வைத்துவிடும். டூல் எங்கே போய் இடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எண்ணைத் தட்டி, அழுத்துவதற்கு முன் வாய்விட்டு ஒரு முறை படிப்பது என் பழக்கம்: பழைய எண் என்ன, கூட்டலா கழித்தலா, ஆரமா விட்டமா, வரப்போகும் எண் என்ன. இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

இரண்டாவது ஆபத்து கெட்டிக்காரத்தனம். உங்கள் நண்பர் ஃபீடை, அதாவது டூல் முன்னேறும் வேகத்தை, கொஞ்சம் கூட்டி ஐந்து நிமிடம் மிச்சம் பிடித்தால் முதலாளி தட்டிக்கொடுப்பார். எஞ்சினில் சுழலும் பாகங்களுக்கு டூல், வேகம், ஃபீடு, கூலண்ட் அழுத்தம் எல்லாம் சோதித்துப் பூட்டி வைக்கப்பட்டவை. உங்கள் யோசனை உண்மையிலேயே நல்லதாக இருக்கலாம். எழுதிக் கொடுங்கள், பொறியாளர்கள் சோதித்து மாற்றட்டும். மெஷினில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். பென்சகோலா துளையை நினைவில் வைத்திருந்தால் இந்தக் கட்டுப்பாடு உறுத்தாது.

ரூட் கார்டு (பாகத்தோடு கூடவே போகும் வேலைப் பதிவு), ஹீட் நம்பர் (உலோகம் எந்த உருக்கில் வந்தது என்ற எண்), சீரியல் நம்பர், முத்திரை எல்லாம் ஒரு பாகம் எப்படிச் செய்யப்பட்டது என்று பின்னால் தேடிப் பிடிப்பதற்காகவே. 1999-இல் வந்த, விமானத் தொழிலுக்கான ஏஎஸ் 9100 தரநிலை கேட்பதும் இதைத்தான். இருபது வருடம் கழித்து ஒரு பாகத்தில் கோளாறு தெரிந்தால், அதே உருக்கில் வந்த மற்றவை எந்த விமானங்களில் இருக்கின்றன என்று தேடிப் பிடிக்க முடிய வேண்டும். வேலையைச் செய்யாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வேறொருவர் செய்ததற்கும் போடாதீர்கள்.

என் பயிற்சிக் காலத்தில், கிட்டத்தட்ட முடிந்துவிட்ட அலுமினியப் பிராக்கெட் ஒன்று கை நழுவி மேசை ஓரத்தில் இடித்தது. நகத்தால் தடவினால் மட்டும் தட்டுப்படும் அளவுக்கு ஒரு பள்ளம். யாரும் பார்க்கவில்லை. எமரித் தாளை எடுத்துவிட்டேன். இரண்டு முறை தேய்த்தால் போய்விடும். தாளைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன், பிறகு சூப்பர்வைசரிடம் போனேன். அவர் திட்டவில்லை. ‘எங்கே இடிச்சுது, காட்டுப்பா’ என்றார். சிவப்பு டேக் கட்டினார், ஆய்வுக் குழுவுக்கு அனுப்பினார். பள்ளத்தின் ஆழத்தை அளந்து, அந்த இடத்தில் வரும் பளுவைக் கணக்குப் பார்த்து, எவ்வளவு ஆரத்தில் சரிசெய்யலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பாகம் பிழைத்தது. நான் தேய்த்திருந்தாலும் பார்வைக்கு அது அப்படியேதான் இருந்திருக்கும். ஆனால் எவ்வளவு ஆழம் போயிருந்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த வாரம்தான் எனக்கு மில்லிங் மெஷின் கொடுத்தார்கள். சூப்பர்வைசர் காரணம் எதுவும் சொல்லவில்லை.

பல நாடுகளில் பயிற்சி முழுவதும் மூன்று, நான்கு வருடம் ஓடும். ஜெர்மனியில் இதே தொழிலுக்கு மூன்றரை வருடம். அந்தக் கணக்கில் மூன்று மாதம் என்பது எதுவும் இல்லை. ஆறு மாதம் தாண்டியும் பயிற்சித் திட்டத்தில் அடுத்த கட்டம் என்ன என்று யாரும் சொல்லாவிட்டால், அப்போது தயங்காமல் பயிற்சிப் பொறுப்பாளரைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ‘எப்போது சிஎன்சி தருவீர்கள்’ என்று கேட்பதைவிட, ‘முதல் ஜாப் செட் செய்ய நான் எதெதில் தேற வேண்டும்’ என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். தள்ளப்பட்ட பாகங்களை விமானத் தொழிற்சாலைகளில் பூட்டி வைத்திருப்பார்கள். மறுபடி உபயோகத்துக்கு வந்துவிடாதபடி வெட்டிச் சிதைத்துத்தான் வெளியே அனுப்புவார்கள். பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கி, சிதைப்பதற்கு முன் ஒரு பாகத்தை அதன் டிராயிங்கோடு ஒரு மணி நேரம் பார்க்கக் கேளுங்கள். தள்ளியதற்கான காரணத்தைப் படிக்காமல் நீங்களே அளந்து, தடவி, லென்ஸில் பார்த்துக் கண்டுபிடியுங்கள். பிறகு டேக்கைத் திருப்பிப் பாருங்கள்.