பெயரில் 'கேம்பர்' இருந்தால் படுக்கை வண்டி ஆகிவிடுமா?

கேள்வி: ஒன்பது ஆண்டு ஓடிய பொலேரோ கேம்பர் வண்டி வாங்கியிருக்கிறேன். பின்பக்கம் தகரக் கூண்டு கட்டி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்ற ஆசை. கையில் ஒன்றரை லட்சம்தான். "ஆர்.சி.யிலேயே கேம்பர் என்று இருக்கிறது, இருபதாயிரம் கொடுத்தால் மற்றதை முடித்துத் தருகிறேன்" என்கிறார் தரகர். கொடுக்கலாமா? - வாசகர், திண்டுக்கல்

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கேம்பர் என்பது அந்த மாடலின் பெயர். ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் வாகன வகை என்ற வரியைப் பாருங்கள். சரக்கு வாகனம் என்றிருக்கும். சட்டம் பார்ப்பது அந்த வரியைத்தான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியின் அமைப்பை நம் விருப்பத்துக்கு மாற்ற விடாது. எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். இதே பேச்சை நம்பி, கூண்டைப் பற்றவைத்துக் கட்டிய ஒருவர் எஃப்.சி.யில் மாட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். அறுத்தெடுக்க ஆன கூலி தனி. அவருடைய தரகர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதைக் காட்டியே கைவிரிக்கலாம்.

சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன், அதாவது உள்ளேயே தங்கிப் படுக்கும் வண்டி, என்ற வகை மத்திய அரசின் வாகன வகைப் பட்டியலில் 2004 முதலே இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு வண்டி கட்டும் சாமானியர் அந்த வகைக்குள் நுழைய எளிய வழி எங்கே? வகையை எழுதி வைத்துவிட்டு வாசலைப் பூட்டினால் தரகர்தான் பிழைப்பார். இத்தனை ஆண்டாகியும் இதைச் சரிசெய்யாதது எனக்கு ஆறவே இல்லை.

ஆகவே எதையும் பற்றவைக்காதீர்கள். கட்டிலும் அலமாரியும் கழற்றி எடுக்கும் சரக்காகவே இருக்கட்டும். சதுரக் குழாயில் சட்டகம், மேலே பிளைவுட், பெல்ட் போட்டு இறுக்கம், வளைவுக் கம்பியில் தார்ப்பாய். இதற்கு உங்கள் பணத்தில் பாதிகூட ஆகாது.

உங்கள் வண்டிக்கு ஒரு சலுகை உண்டு. இரட்டைக் கேபின் என்பதால் பின் இருக்கையிலும் ஆட்கள் உட்காரலாம். எத்தனை இருக்கை என்று ஆர்.சி.யில் இருக்கிறதோ அத்தனை பேர். அந்த அனுமதி கேபினோடு முடிகிறது. குழந்தை தூங்கிவிட்டது, பத்தே கிலோமீட்டர்தான், இரவுதான் என்று எந்தக் காரணத்துக்கும் பின்னால் கட்டிலில் கிடத்தாதீர்கள். வண்டி நின்ற பிறகுதான் கட்டில் படுக்க.

நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. பாதி நிரம்பிய தொட்டி வளைவில் அலைமோதி வண்டியை இழுக்கும். இருபது லிட்டர் கேன்களே போதும். சமையல் வண்டிக்கு வெளியே. எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். விளக்குக்குத் தனி பேட்டரி வைத்தால் அதன் பாசிட்டிவ் முனையருகிலேயே ஃப்யூஸ் போடுங்கள்.

பராமரிப்பில் பெரிய எதிரி துரு. பிளைவுட்டின் அடியில் ஈரம் நின்று தரைத் தகட்டைத் தின்றுவிடும். மாதம் ஒருமுறை பலகையைத் தூக்கிக் காயவிடுங்கள், வடிகால் துளைகளைக் குத்திவிடுங்கள். முதல் பயணத்துக்கு முன் எல்லாச் சாமானோடும் ஆட்களோடும் எடைமேடையில் ஏற்றி, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாண்டினால் கட்டிலைச் சிறிதாக்குங்கள்.