விறகு அடுப்பு வைத்தும் வீடு சூடாகவில்லை, கண்ணாடியும் கரி பிடிக்கிறது. இதைவிடப் பெரிய அடுப்பாக மாற்றினால் சரியாகுமா?

மாற்றாதீர்கள். பெரிய அடுப்பு வாங்கினால் இதே தொல்லை இன்னும் கூடும்.

கேள்வியில் நீங்கள் சொன்னது இரண்டே விஷயம். மீதியை ஊகித்துக்கொள்கிறேன்: கதவும் கண்ணாடியும் வைத்த இரும்பு அடுப்பு, கூரையைத் தாண்டிப் போகும் புகைபோக்கி, குளிர் தொடங்கிய பிறகு வாங்கிய விறகு, இரவு படுக்கப் போகும்முன் அடுப்பு நிறையக் கட்டையை அடைத்துக் காற்றுப் பிடியை (அடுப்புக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பிடி) முழுக்க மூடிவிடும் பழக்கம். இதில் எதுவுமே பொருந்தவில்லை என்றால் இந்தப் பதில் உங்களுக்கு இல்லை. பொருந்தினால், கோளாறு அடுப்பில் இல்லை. விறகின் ஈரத்திலும் அந்தக் காற்றுப் பிடியிலும்தான் இருக்கிறது.

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அடுப்புக்குப் போகும்போது அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். "ஈரத்தை ஆவியாக்கவே வெப்பமெல்லாம் செலவாகிவிடும்" என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். கணக்குப் போட்டால் அது பாதி உண்மைதான். 10 கிலோ விறகில் 4 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 6 கிலோ மரத்தில் சுமார் 110 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. அந்தத் தண்ணீரை ஆவியாக்க 10 மெகாஜூல் போதும். பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பிறகு ஏன் வீடு குளிர்கிறது? மரம் பெரும்பாலும் வாயுவாகத்தான் எரிகிறது. காய்ந்த மரத்தின் எடையில் முக்கால் பங்கு, சூடு பட்டதும் வாயுவாகக் கிளம்பிவிடும். கடைசியில் தணலாக நிற்பது மிச்சம் மட்டுமே. அந்த வாயு முழுதாகப் பற்றிக்கொள்ள அடுப்புக்குள் 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். ஈரக் கட்டை அந்தச் சூட்டை எட்டவே விடாது. தண்ணீர் கொதிக்கிற இடத்திலேயே கட்டையின் சூடு தங்கி நிற்கும், வாயு பற்றாமல் புகையாக மேலே போய்விடும். வெப்பத்தில் பாதிக்கு மேல் அந்த வாயுவில்தான் இருந்தது. போகிற வழியில் கண்ணாடியில் படிந்தால் கரி, புகைபோக்கியின் உள்சுவரில் படிந்தால் கிரியோசோட் என்ற தார். உங்கள் இரண்டு புகாருக்கும் காரணம் ஒன்றுதான்.

அதனால் முதலில் ஓர் ஈரமானி வாங்குங்கள், இரண்டு ஊசி வைத்த சின்னக் கருவி. ஆனால் கட்டையின் வெளிப்பக்கத்திலும் அறுத்த முனையிலும் குத்திப் பார்த்துவிட்டு "15தான் காட்டுகிறது" என்று திருப்திப்படாதீர்கள். வெளிப்பக்கம் எப்போதும் காய்ந்துதான் இருக்கும். கட்டையை அந்த நேரத்தில் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில், நார் ஓடும் திசையில் ஊசிகளை அழுத்த வேண்டும். பனியில் உறைந்து கிடந்த கட்டை என்றால் ஒரு நாள் வீட்டுக்குள் வைத்துவிட்டுப் பாருங்கள். உறைந்த மரம் பொய்க் கணக்குக் காட்டும். கருவி இல்லையா? இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது தொப்பென்று மந்தமாக ஒலிக்கும். எரியும்போது முனையில் நுரை கட்டிச் சீறினால் சந்தேகமே வேண்டாம்.

காயப் போடுவதிலும் ஒரு தப்பு பரவலாக நடக்கிறது. பிளக்காத உருண்டைக் கட்டையை அப்படியே அடுக்கி, மேலிருந்து தரைவரை தார்ப்பாயால் போர்த்திவிடுகிறார்கள். பட்டை தண்ணீரை உள்ளேயே பிடித்துவைக்கும், தார்ப்பாய் ஆவியை வெளியே விடாது. முதலில் பிளக்க வேண்டும். 8 முதல் 15 செ.மீ. தடிமன் சரியான அளவு. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் காற்றோட்டமாக அடுக்கி, மேல்பக்கத்தை மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்துவிடுங்கள். பைன் போன்ற மென்மரம் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் தயாராகிவிடும். ஓக் போன்ற கெட்டி மரத்துக்கு இரண்டு வருடம்கூட ஆகும்.

"நன்றாகக் காய்ந்த விறகு" என்று எழுதி விற்பதை நம்பவே நம்பாதீர்கள். வெட்டிப் போட்டு எத்தனை நாள் ஆயிற்று என்பதை மட்டுமே அவர்கள் காய்ந்ததாக எண்ணுகிறார்கள், எப்போது பிளந்தது என்று கேட்டால் பதில் வராது. எடை போட்டு விற்கிற இடத்தில் இன்னும் மோசம், தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். இறக்கி வைப்பதற்கு முன்பே நாலு கட்டையைப் பிளந்து ஈரமானியைக் குத்துங்கள். முகம் கோணுபவர்களிடம் வாங்காதீர்கள்.

"பைன் மரம் எரித்தால் புகைபோக்கி தீப்பிடிக்கும்" என்று கீழே யாராவது வந்து சொல்வார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிசின் காரணமில்லை, ஈரம்தான் காரணம். காய்ந்த பைன், ஈரமான ஓக்கைவிடச் சுத்தமாக எரியும். ஒரே ஈரத்தில் கிலோவுக்குக் கிலோ எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே வெப்பம்தான் தரும். கெட்டி மரம் அடர்த்தியானது என்பதால் ஒரு தடவை நிரப்பினால் அதிக நேரம் நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பெயின்ட் அடித்த பலகை, ரசாயனம் ஏற்றிய மரம், பிளைவுட், கடலில் ஒதுங்கிய கட்டை ஆகியவற்றை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். கடைசியாகச் சொன்னதில் உள்ள உப்பு இரும்பை அரித்துவிடும்.

இனி பற்றவைப்பது. கீழே காகிதமும் சுள்ளியும், மேலே கட்டையும் வைக்கிற பழைய முறையைத் தலைகீழாக மாற்றிப் பாருங்கள். அடியில் இரண்டு மூன்று தடித்த கட்டைகளை விரலிடை விட்டுப் படுக்கவையுங்கள். அதன்மேல் மணிக்கட்டுத் தடிமனில் நாலைந்து, அதற்கும் மேல் பெருவிரல் தடிமனில் பத்துப் பதினைந்து சிராய்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, உச்சியில் தீமூட்டி வைத்துக் கொளுத்துங்கள். தீ மேலிருந்து கீழே இறங்கும். கீழ்க்கட்டையிலிருந்து கிளம்பும் வாயு மேலே இருக்கும் தீயைக் கடந்துதான் போக வேண்டும், அதனால் எரிந்துவிடும். புகைபோக்கியும் முதல் சில நிமிடங்களிலேயே சூடேறி இழுக்கத் தொடங்கும். அடுக்கு சரிந்து தீ அமுங்கும் தொல்லையும் இல்லை.

காற்றுப் பிடி முழுக்கத் திறந்திருக்கட்டும். கட்டைகளின் விளிம்பெல்லாம் பற்றி மேற்புறம் கறுத்த பிறகு, பொதுவாக 15, 20 நிமிடத்தில், கால் பங்கு குறையுங்கள். ஐந்து நிமிடம் பாருங்கள். தீநாக்கு இன்னும் துடிப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையுங்கள். சரியாக அமைந்தால் கட்டைகளின் மேல் தீ மெதுவாக அசையும், அடுப்பின் மேல்பக்கத் துளைகளிலிருந்து தனியாகச் சுடர் விடுவது தெரியும். புகையை எரிப்பதற்கென்றே தனியாக விடும் இரண்டாம் காற்று அங்கேதான் வருகிறது, புகை எரிவதும் அங்கேதான். பிடியை இழுத்த உடனே தீ அணைந்து கட்டை வெறுமனே புகைந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள், திரும்பத் திறந்துவிடுங்கள்.

கண்ணளவு போதாது. அடுப்புக்கு மேலே சுமார் 45 செ.மீ. உயரத்தில் குழாயில் ஒட்டும் காந்த வெப்பமானி ஒன்று வையுங்கள். ஒற்றைச் சுவர்க் குழாயின் மேல் 115 முதல் 245 டிகிரிவரை இருந்தால் நல்லது. அதற்குக் கீழே வெகுநேரம் கிடந்தால் தார் படிகிறது, மேலே போனால் இரும்பு நோகிறது. இரட்டைச் சுவர்க் குழாய்க்கு இது சரிவராது, உள்ளே நுழையும் கம்பி வைத்த வெப்பமானி வேண்டும்.

பெரிய அடுப்பு ஏன் வேண்டாம் என்பது இப்போது புரியும். பெரிய அடுப்பை அதற்குரிய சூட்டில் எரித்தால் அறைக்குள் உட்கார முடியாது. உடனே காற்றைக் குறைப்பீர்கள், கட்டை புகையும், தார் சேரும். விளம்பரத்தில் "இத்தனை சதுர அடிக்குப் போதும்" என்று போடுகிறார்களே, அதில் சுவரின் காப்பும் கூரை உயரமும் ஜன்னல் இடுக்கும் எங்கே கணக்கில் வருகின்றன? சின்ன அடுப்பைச் சுறுசுறுப்பாக எரிப்பதுதான் நல்லது. அடுத்த அறைக்குச் சூடு போகவில்லை என்பது உங்கள் பிரச்சினை என்றால், ஒரு சின்ன மேசை விசிறியை அந்தக் குளிர்ந்த அறையின் தரையில், அடுப்பைப் பார்த்து மெதுவாக ஓடவிடுங்கள். கனமான குளிர்காற்று தரையோடு அடுப்பை நோக்கித் தள்ளப்பட்டால் சூடான காற்று வாசற்படியின் மேல்பாதி வழியாகத் தானே அங்கே போகும். சூடான காற்றைத் தள்ளப் பார்ப்பதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

கதவில்லாத திறந்த கணப்புதான் உங்கள் வீட்டில் இருக்கிறது என்றால் பேச்சே வேறு. அது எரியும் விறகில் பத்தில் ஒரு பங்கு வெப்பத்தைக் கொடுத்தாலே பெரிது. அறையில் சூடாகியிருக்கும் காற்றையும் உறிஞ்சி மேலே அனுப்பிவிடும், அந்த இடத்துக்கு ஜன்னல் இடுக்குகள் வழியாக வெளிக்குளிர் உள்ளே வரும். ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகை மேலேறும் தொண்டையைக் குறுக்கினால் தேறும் என்று ரம்ஃபோர்டு பிரபு 1790களிலேயே காட்டினார். அப்படிக் கட்டிய கணப்பும் கதவு வைத்த அடுப்புக்கு ஈடாகாது. உள்ளே பொருத்தும் அடுப்புப் பெட்டி ஒன்று போட்டு, அதிலிருந்து உச்சிவரை புகைபோக்கிக்குள் ஓர் உள்குழாய் இறக்குவதே வழி.

அடுப்பைத் திறந்தால் புகை அறைக்குள் வருகிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. வந்தால் முதலில் சமையலறையின் புகை உறிஞ்சி விசிறியை நிறுத்துங்கள், ஒரு ஜன்னலை இரண்டு விரல் திறங்கள். புகை நின்றுவிட்டால் வீடு காற்றுக்குத் தவிக்கிறது, அடுப்புக்கு வெளிக்காற்றுக் குழாய் தேவை. நிற்கவில்லை என்றால் புகைபோக்கியைப் பாருங்கள். அடுப்பிலிருந்து உச்சிவரை நாலரை மீட்டராவது வேண்டும். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடி உயரமும், சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயரமும் வேண்டும். ஒவ்வொரு வளைவும் இழுப்பைக் குறைக்கும். குழாய்த் துண்டுகளைப் பூட்டும்போது சுருக்கிய முனை அடுப்பைப் பார்த்துக் கீழே இருக்க வேண்டும். மாற்றிப் பூட்டினால் தார் இணைப்பு வழியே வெளியே ஒழுகும். கதவைத் திறக்கும்போதும் முதலில் விரலளவு திறந்து, பத்து எண்ணிவிட்டுப் பிறகு திறங்கள்.

கதவின் விளிம்பில் காற்றுப் புகாமல் அடைக்கும் கயிறு நொந்துபோனாலும் காற்று உங்கள் பேச்சைக் கேட்காது. அடுப்பு ஆறியிருக்கும்போது ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் கயிறு மாற்ற வேண்டும். நாலு பக்கமும் சோதியுங்கள்.

இத்தனை நாள் ஈர விறகு எரித்திருக்கிறீர்கள் என்பதால், அடுத்த தீ மூட்டும்முன் புகைபோக்கியைத் துலக்குபவரைக் கூப்பிடுங்கள். படிவு 3 மி.மீ. தாண்டினாலே துலக்க வேண்டும். கண்ணாடி போலப் பளபளவென்று கெட்டியாக இருந்தால் தூரிகைக்கு வராது, அதை நீங்களே சுரண்டப் பார்க்க வேண்டாம். அது பற்றிக்கொண்டால் உள்ளே 1000 டிகிரியைத் தாண்டும், ரயில் ஓடுவது போல் இரைச்சல் கேட்கும். அப்போது கதவையும் காற்றுப் பிடியையும் மூடிவிட்டு எல்லோரும் வெளியேறித் தீயணைப்பைக் கூப்பிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பும் உள்குழாயும் வெடிக்கும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று அடுப்பு இருக்கும் அறையிலும் ஒன்று படுக்கும் இடத்திலும் கட்டாயம். அதற்கு வாசனை கிடையாது, இரவு தணல் மங்கும் நேரத்தில்தான் அதிகம் வரும். பேட்டரி தீரும்போது கீச்சிடுகிறது என்று கழற்றி இழுப்பறையில் போட்டுவைப்பவர்கள் எத்தனை பேர்! ஒரு பேட்டரி மாற்ற என்ன சிரமம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, மரத்தரை இல்லாத இடத்தில் வையுங்கள். சாம்பலுக்குள் கங்கு நாலு நாள்கூட உயிரோடு கிடக்கும். அடுப்பின் அடியில் இரண்டு விரல் சாம்பலை விட்டுவையுங்கள், தணல் அதில்தான் தங்கும்.

"விறகு எரிப்பதே காற்றுக்குக் கேடு, மின்சார ஹீட்டர் வாங்கச் சொல்ல வேண்டியதுதானே" என்று கேட்பவர்களுக்கு: கேள்வி அனுப்பியவர் வீட்டில் ஏற்கெனவே அடுப்பு இருக்கிறது. அதைப் புகையில்லாமல் எரிக்கத்தான் இவ்வளவும் சொன்னேன்.

இந்தக் குளிருக்கு என்ன செய்வது? கையில் இருக்கும் விறகை இன்னும் மெல்லிசாகப் பிளந்து, ஒரு வாரத்துக்கானதை வீட்டுக்குள் அடுப்பிலிருந்து தள்ளி அடுக்குங்கள். அடுப்பில் சாய்த்தோ மேலே பரப்பியோ காயவைத்தால் வீடு பற்றிக்கொள்ளும். அழுத்திய மரத்தூள் கட்டி கிடைத்தால் பாதிக்குப் பாதி கலந்து எரியுங்கள். அது 10 சதவீத ஈரம்தான். ஆனால் அடுப்புக் கையேடு அதை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள், அனுமதித்தாலும் அடுப்பு நிறைய அதையே போடாதீர்கள், சூடு எகிறிவிடும். அடுத்த குளிருக்கான விறகை இப்போதே வாங்கிப் பிளந்து அடுக்கிவிடுங்கள். ஓக் மட்டும்தான் கிடைத்தது என்றால் அதை அடுத்த வருடக் கணக்கில் சேர்க்காதீர்கள்.