யாரையும் காப்பாற்ற வேண்டாம்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஐந்து வயது. இரண்டு காதிலும் கருவி போட்டிருக்கிறாள். வித்தியாசமாக இருப்பதைக் கொண்டாடும் படப் புத்தகங்களை நூலகத்திலிருந்து எடுத்து வந்து, தூங்கப்போகும்முன் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒரு முயல் கதை. நீளமான காது என்று எல்லோரும் கேலி செய்யும் குட்டிக்கு மட்டும் நரி வரும் சத்தம் கேட்கிறது. கூட்டத்தைக் காப்பாற்றுகிறது. அப்புறம் எல்லோரும் நண்பர்கள். முடித்ததும் “அம்மா, நான் யாரைக் காப்பாத்தணும்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. பாலர் பள்ளியில் அவளுடைய தமிழாசிரியையும் இதே புத்தகத்தை வாசிக்கப்போகிறாராம். வேண்டாம் என்று சொல்லலாமா?

ஒரு தாய், செங்காங், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரி,

முதலில் மகளுக்குப் பதில் சொல்லிவிடுங்கள். “நீ யாரையும் காப்பாத்த வேண்டாம்மா.” இதை இன்றைக்கே சொல்லுங்கள்.

அவள் கதையைத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. நரி வராமல் போயிருந்தால் அந்தக் குட்டி இன்னும் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கும். இது பழைய வார்ப்பு. சிவப்பு மூக்குக் கலைமான் ருடால்ஃப், 1939இல் சிகாகோவின் மாண்ட்கோமரி வார்ட் நிறுவனம் கிறிஸ்துமஸுக்கு இலவசமாகக் கொடுத்த சிறு புத்தகத்தில் பிறந்தது. பனிமூட்ட இரவில் அந்த மூக்கின் வெளிச்சம் தேவைப்பட்ட பிறகுதான் அதற்கு மரியாதை. நல்ல எண்ணத்தோடு எழுதப்படும் எத்தனையோ புத்தகங்கள் இன்றும் இந்தத் தடத்திலேயே போகின்றன. நம் ஊரில் பிள்ளைகள் தொடக்கநிலை ஒன்றுக்குப் போகும் முன்பே ‘உனக்கு என்ன தெரியும், என்ன முடியும்’ என்று கேட்கப்பட்டுப் பழகிவிடுகிறார்கள். தூங்கப்போகும் நேரத்துக் கதையும் அதையே கேட்க வேண்டாம்.

ருடால்ஃபுக்கு மூன்று வருடம் முன்பே, 1936இல், மன்ரோ லீஃப் எழுதி ராபர்ட் லாசன் வரைந்த ஃபெர்டினாண்ட் என்ற காளையின் கதை வந்துவிட்டது. மற்றக் கன்றுகள் முட்டி மோதி விளையாடும்போது இந்தக் காளை மட்டும் மரத்தடியில் உட்கார்ந்து பூவை முகர்ந்துகொண்டிருக்கும். தனியாக இருக்கிறானே என்று தாய்ப்பசுவுக்குக் கவலை. போய்க் கேட்கிறது. அவனுக்கு அங்கே சந்தோஷம்தான் என்று தெரிந்ததும் விட்டுவிடுகிறது. அந்தப் பக்கத்துக்காகவே இந்தப் புத்தகத்தை உங்களுக்குச் சொல்கிறேன். ஒரு தேனீ கொட்டியதால் அவன் துள்ளிக் குதிக்க, முரட்டுக் காளை என்று நினைத்து மாட்ரிட் காளைச் சண்டை மைதானத்துக்கு இழுத்துப் போகிறார்கள். அங்கேயும் சண்டை போடமாட்டான், பெண்கள் தலையில் வைத்திருக்கும் பூவின் வாசனையை முகர்ந்தபடி உட்கார்ந்துவிடுவான். வேறு வழியில்லாமல் வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்கள். யாரையும் காப்பாற்றவில்லை, எதையும் ஜெயிக்கவில்லை, மாறவும் இல்லை.

டேவிட் மக்கீயின் எல்மரும் எனக்குப் பிடிக்கும், 1968இல் வந்தது. பல நிறக் கட்டம்போட்ட யானை, மற்றவர்களைப் போலச் சாம்பல் நிறம் பூசிக்கொள்ளும். முடிவில் வருடத்தில் ஒரு நாள் மற்ற யானைகள் எல்லாம் நிறம் பூசிக்கொள்கின்றன. இங்கே எல்மரை நோக்கி நகர்ந்து வருவது கூட்டம்தான்.

இரண்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. படத்தைக் காட்டி நீங்கள் தமிழில் சொல்வதே போதும். தமிழ் எழுத்தையும் அவள் பார்க்கவேண்டும் என்றால் சென்னை தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படப் புத்தகங்களைத் தேடிப் பாருங்கள்.

இப்படி ஒரு படப் புத்தகம் வரவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. தேக்கா சந்தையில் அம்மா மீன் வாங்க, பக்கத்தில் ஒரு சிறுமி நண்டை வேடிக்கை பார்க்கிறாள். காதில் கருவி இருப்பது படத்தில் தெரிகிறது. கதையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கதை முழுக்க நண்டைப் பற்றியது. இதைப் படிக்கும் சிங்கப்பூர் எழுத்தாளர்கள், ஓவியர்கள் யாராவது செய்யுங்கள், தயவுசெய்து.

ஆசிரியையைத் தடுக்க வேண்டாம். மகள் கேட்டதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் ‘நரி வராமலே இருந்தால் நீங்கள் அந்தக் குட்டியோடு விளையாடுவீர்களா?’ என்று அவர் வகுப்பில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். பிள்ளைகள் பேசுவார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.